தானே நகரும் அம்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் அமிர்தவள்ளி முன்னறைக்கு வருவாள். கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருக்கும் பூப்போட்ட துணியை எடுத்து நான்காக மடித்து ஜன்னல் கட்டையில் வைப்பாள். மடிப்பு ஒரு நூல் பிசகாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செல்போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

நெதர்லாந்தில் அப்போது காலை. அவளுடைய தம்பி இன்பராஜ் எழுந்து, காபி குடித்து, குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டுக் கூப்பிடுவான். இந்த வாரம் என்ன பிரச்சினை என்றுதான் பேச்சைத் தொடங்குவான். அவள் பிரச்சினையைச் சொல்வாள். பிறகு திரையில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்துக் காட்டுவாள். அங்கே அவன் அந்த எண்ணைத் தட்டினால் இங்கே ஒரு சின்னப் பெட்டி எழும்பும். உள்ளே வரலாமா என்று கேட்கும் பெட்டி. வரலாம் என்பதை அழுத்திவிட்டு, வலது கையை மௌஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அதன் பிறகு திரையில் இருக்கும் அம்பு தானே நகரும்.

அந்த அம்பின் குணம் அவளுக்கு அத்துப்படி. யோசனையில் இருந்தால் ஓரிடத்திலேயே சின்னச் சின்ன வட்டம் போடும். பள்ளிக்கூடம் போகிற வயதில், சோறு விழும்வரை இன்பராஜ் வெறும் தட்டில் விரலால் போட்டுக்கொண்டிருந்த அதே வட்டம். அவசரம் என்றால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவும். அங்கே பாப்பா அழுதால் நடுவழியில் அப்படியே நின்றுவிடும். வெளிநாடு போன பிறகு அவன் ஊருக்கு வந்தது அம்மாவின் காரியத்துக்கு ஒரு தடவை, மனைவியோடு திருப்பதி போகிற வழியில் ஒரு தடவை. மற்றபடி இந்த வீட்டுக்குள் அவன் நடமாடுவது இந்த அம்பாகத்தான்.

அமிர்தவள்ளியின் வீடு ஆம்பூரை ஒட்டிய பெரியாங்குப்பத்தில் இருக்கிறது. அவள் பத்தாவது முடித்த வருஷம் அப்பா இறந்துவிட்டார். இன்பராஜ் அப்போது தவழ்கிற குழந்தை. அந்த வருஷமே அவள் ஷூ கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு பசை தடவினாள், பிறகு மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். இப்போது பல வருஷமாகச் செக்கிங். ஷூவின் மேல்பாகத்துக்குக் கம்பெனியில் அப்பர் என்று பேர். தைத்து வருகிற ஒவ்வொரு அப்பரையும் குழல்விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தையல் தப்பியிருந்தாலோ, தோலில் உண்ணி கடித்த தழும்பு தெரிந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி அரிசி அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய அப்பர் ரீவொர்க் மேசைக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் அம்பைப் பார்ப்பார்கள், பிரித்துத் தைப்பார்கள், அம்பை உரித்துப் போடுவார்கள்.

குறை உள்ள பீஸை விட்டுவிடக் கூடாது. நல்ல பீஸைத் தள்ளவும் கூடாது. இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால், நல்லதைத் தள்ளுவதுதான் என்பாள். குறையை விட்டால் தன் கண்ணுக்குக் கெட்ட பேர். நல்லதைத் தள்ளினால் அதைத் தைத்த பெண்ணுக்குக் கெட்ட பேர்.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு இடம் வந்தபோது இன்பராஜ் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவன் காலேஜ் முடிக்கட்டும் என்றாள். அவன் காலேஜ் முடித்தபோது அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. இதையெல்லாம் அவள் வருத்தமாகச் சொல்வதில்லை. கம்பெனி வேனில் போகும்போது தம்பியைப் பற்றித்தான் சொல்வாள். அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான், எந்த நேரத்துக்கு ஆபீஸ் போகிறான், ஞாயிற்றுக்கிழமையானால் அங்கிருந்தபடியே தன் கம்ப்யூட்டரை எப்படிச் சரிசெய்கிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும். ரீவொர்க் மேசையில் வேலை பார்க்கும் மோகனாவும் அதே வேனில்தான் வருவாள். அவள் ஒருநாள், “உன் தம்பி அங்க சுவிட்ச் போட்டா உன் வீட்ல ஃபேன் சுத்துமா அமிர்தா?” என்று கேட்டாள். வேன் முழுக்கச் சிரித்தது. அமிர்தவள்ளியும் சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் இன்பராஜ் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாகம் பாகமாக வாங்கி வந்தது. முன்னறைத் தரையில் தினத்தாளை விரித்து அவனே பூட்டினான். அவள் டார்ச் அடித்தாள். அவன் விமானம் ஏறிய பிறகு அம்மாவுக்கு வைத்தியம் வேலூரில், பெரிய ஆஸ்பத்திரியில். வாரம் இரண்டு முறை பஸ்ஸில் கூட்டிப் போய் வந்து, கொடுத்த ரிப்போர்ட்டை எல்லாம் ஸ்கேன் செய்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அம்பு வந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் திறந்து பார்க்கும். சில எண்களுக்கு மேல் நின்று வட்டம் போடும். அந்த எண்களை அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை டாக்டரிடம் கேட்பாள்.

அம்மா போனாள். ரிப்போர்ட் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வாரம் பிரிண்டர் மக்கர் செய்தது. ஒரு வாரம் சத்தம் வரவில்லை. ஒரு வாரம் மின்கட்டண ரசீது இறங்கவில்லை. அதைச் சாக்கிட்டு அம்பு வந்தது.

அவன் இப்படி உள்ளே வரத் தொடங்கிய புதிதில் ஒரு கூத்தும் நடந்தது. திரையில் ஒரு படம் இடம் மாறிப் போயிற்று. ஞாயிறு வரை மறக்காமல் இருக்க வேண்டுமே என்று, கம்பெனியிலிருந்து உடையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தைக் காட்டித் திரையின் மேல் ஒட்டினாள். விண்டோஸ் பொத்தானும் பழகாத காலம் என்பதால் கீழே இடது மூலையில் அதைக் காட்டி இன்னொன்று. தம்பி உள்ளே வந்ததும், குறை எங்கே என்று அவன் கேட்காமலே தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்தாள். அம்பு அங்குமிங்கும் அலைந்தது.

“எங்கக்கா பிரச்சினை?”

“அதான் காட்டியிருக்கேனே, பாரு.”

“எங்க காட்டியிருக்க?”

விஷயம் புரிந்ததும் அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “கண்ணாடி மேல ஒட்டினா எனக்கு எப்டிக்கா தெரியும்? எனக்கு உள்ள இருக்கறது மட்டும்தான் தெரியும். வெளிய இருக்கறது தெரியாது.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முதல் ஸ்டிக்கரை உரித்துவிட்டாள். இடது மூலையில் ஒட்டியது அப்படியே இருந்துவிட்டது.

சென்ற ஆகஸ்ட் மாதம் ஒருநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இந்த விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பதினான்கோடு பராமரிப்பு முடிகிறது என்பது வரை புரிந்தது. கீழே இருந்த பொத்தான்களில் ஒன்று, பிறகு ஞாபகப்படுத்தவா என்று கேட்டது. அவள் அதை அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னாள். அவன் அதை எதிர்பார்த்திருந்தான். அந்தத் தேதிக்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாக ஏதாவது ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் வரமாட்டார்கள் என்று விளக்கினான். பேங்க் கணக்கெல்லாம் இதில் பார்க்கிறாள், அதனால் பதினொன்றுக்கு மாற்றிவிடுவதே நல்லது. இந்த மிஷின் தாங்கும். ஒரே ஒரு சிக்கல்தான்.

“விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஒரு எடத்துல போய் ஒண்ண ஆன் பண்ணணும்க்கா. அந்த எடத்துக்கு என் கை எட்டாது. யாராவது நேர்ல உக்காந்துதான் பண்ணணும். பஜார்ல ரஷீத் பாய் இருக்காரே, அவர வரச் சொல்றேன்.”

அமிர்தவள்ளிக்கு அந்த ஓட்டையும் அடைப்பும் பெரிதாகப் படவில்லை. அவள் கேட்டது வேறு. மாற்றிய பிறகும் இப்படி உள்ளே வரமுடியுமா என்று கேட்டாள்.

“வரலாம். ஆனா வர்ற அவசியமே இருக்காதுக்கா. புதுசு, அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும். நீயும் வாராவாரம் பேஜார் பட வேணாம்” என்றான் இன்பராஜ். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னான்.

அவசியமே இருக்காது. அந்த வாரம் முழுக்க, அப்பருக்குள் விட்டுப்போன ஊசிமுனை விரலைத் தேடிக் குத்துவதுபோல அந்தச் சொல் குத்திக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது உண்மை. அவள் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை என்ன? மின்கட்டணம், பி.எஃப். கணக்கு, எப்போதாவது ஒரு பிரிண்ட். புது விண்டோஸ் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவன் என்ன பிரச்சினை என்று கேட்கும்போது அவள் என்ன சொல்வாள்? ஒன்றும் இல்லை என்பாள். அவன் சரி அக்கா என்பான். சாப்பிட்டியா என்பான். வைத்துவிடுவான். அது போனில் இரண்டு நிமிஷம்கூட வராது.

பார்த்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள். அறிவிப்பு வரும்போதெல்லாம் பிறகு ஞாபகப்படுத்து என்பதை அழுத்தினாள்.

செப்டம்பரில் பிரிண்டரின் ஒயர் பின்னால் லேசாகக் கழன்றிருந்தது. கூட்டிப் பெருக்கும்போதே பார்த்துவிட்டாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் தீர்ந்தது. அழுத்தவில்லை. ஞாயிறு வரட்டும் என்று விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்பு வந்து நெடுநேரம் தேடியது. அவன் பொறுமையாகத் தேடினான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். பாப்பா அழுதாள், அம்பு நின்றது, மறுபடி நகர்ந்தது. கடைசியில் அவன் களைத்துப்போய், ஒயரைப் பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று உறைத்தது.

மறு ஞாயிறு காலையிலேயே வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ரஷீத் அஹமது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். பஜாரில் சின்னக் கடை அவருடையது. நரைத்த தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. அம்மா இருந்த காலத்தில் ஒருமுறை ஸ்கேனர் பார்க்க வந்திருக்கிறார். உள்ளே வந்து மிஷினைச் சுற்றிப் பார்த்தவர், குனிந்து பின்பக்கம் கையை விட்டு ஓர் அழுத்து அழுத்தினார். பிரிண்டர் முனகிக்கொண்டு விழித்தது.

“ஒயரு லூசுக்கா. இதுக்கா தம்பி ஒரு மணி நேரம் தேடினாரு?” என்று சிரித்தார். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் முகம் சுட்டது.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். தம்பி போன் செய்தாராம். பதினொன்று போட்டுவிடச் சொன்னாராம். “இனிமே எதுனாலும் என்னையே பாத்துக்க சொல்லிட்டாருக்கா. அவருக்கு அங்க வேலை ஜாஸ்தி, பாப்பா வேற. ஞாயித்துக்கெழமைதான் ஒரு நாளு கெடைக்குதாம். நீங்க என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, வந்துடுவேன்.”

அமிர்தவள்ளி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அக்கா கஷ்டப்படக் கூடாது என்று நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து, இன்று வேண்டாம் பாய், சில ஃபைல்களைப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும், நானே சொல்லியனுப்புகிறேன் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வந்ததற்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மதியம் இன்பராஜ் கூப்பிட்டபோது, பாய் வந்தாரா என்றுதான் கேட்டான். வந்தார், இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். பிரிண்டர் சரியாகிவிட்டதா என்றான். ஆகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லையே? இல்லை. அவன் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் விழித்தபடியே இருந்தது, அம்பு அசையாமல் கிடந்தது. துணியைப் போர்த்தினாள்.

அக்டோபர் பதினான்கு செவ்வாய்க்கிழமை. வேனிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றின கையோடு போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனமாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போலத் திறந்தது. மறுநாளும் திறந்தது. அதற்கு எதுவும் தெரியாததுபோல் இருந்தது.

அந்த வாரம் தீபாவளி நெருக்கடி. விடுமுறைக்கு முன்னால் ஒரு ஆர்டர் போயாக வேண்டும். மேசையில் அப்பர் குவிந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தபோது மோகனா ஒரு கறுப்பு அப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தாள். பக்கவாட்டில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

“இதுல இன்னாடி இருக்குது? கண்ணு பூத்துப் போச்சு தேடி.”

அமிர்தவள்ளி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அம்பு காட்டிய இடத்தில் தையல் ஒழுங்காக ஓடியிருந்தது. தோலைத் தடவினாள். மடித்துப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பினாள். ஒன்றும் இல்லை. இதை எப்போது ஒட்டினோம் என்று நினைவுகூட இல்லை. கை ஒட்டியிருக்கிறது, மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது.

மோகனாவுக்கு அவள் முகம் தெரிந்துவிட்டது. அதற்காகவே விளையாட்டாகப் பேசினாள். “நல்ல பீஸுல அம்பு ஒட்டி அனுப்பறியே, என்னைப் பாக்கணும்னா நேரா கூப்புட வேண்டியதுதான? நான் இன்னா வரமாட்டேன்னா சொல்லப்போறேன்?”

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. நகத்தால் அந்த ஸ்டிக்கரை உரித்து விரல்நுனியில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் நின்றாள். “போய் சாப்புடு, பருப்பு ஆறிடும்” என்று மோகனாதான் தோளைத் தட்டி நகர்த்தினாள்.

வேனில் திரும்பும்போது அவள் தம்பியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். கழன்ற ஒயரை அழுத்தாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அவன் ஒரு மணி நேரம் தேடியது. ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு ஒரு நாள் கிடைக்கிறது என்று ரஷீத் பாய் சொன்னது. வாரக்கணக்காக அவள் நல்ல பீஸைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். தைத்தவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் ரஷீத் பாய்க்குப் போன் செய்து வரச் சொன்னாள். அவர் வந்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, விண்டோஸ் எழும்புவதற்குள் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் வந்தது. தம்பியின் கை எட்டாத இடம் இதுதான்போல என்று அவள் எட்டிப் பார்த்தாள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கைந்து வரி. அதில் ஒன்றை மாற்றினார். பிறகு பதினொன்றை இறக்க விட்டுவிட்டு, நேரம் பிடிக்கும், அணைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். ஒரு டப்பாவில் அதிரசமும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் திரையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். நூற்றுக்கு இத்தனை என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் மிச்சப் பட்டாசை யாரோ ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் திரை இருண்டு போனது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு தானே விழித்து, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. எல்லாம் முடிந்து திறந்தபோது நிறமும் முகமும் மாறியிருந்தன. விண்டோஸ் பொத்தான் நடுவுக்குப் போய்விட்டது. இடது மூலையில் அவள் ஒட்டிய சிவப்பு அம்பு, இல்லாத பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பிரிண்டர் ஓடியது. சத்தம் வந்தது. ரசீது இறங்கியது. அம்மாவின் ரிப்போர்ட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்பது எண் காட்டுகிற அந்தப் புரோகிராமும் இருந்தது. எங்கேயும் ஒரு குறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். சாப்பிட்டுத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, துணியை மடித்து வைத்து உட்கார்ந்தாள். வழக்கமான நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. ரஷீத் பாய் தம்பிக்குச் சொல்லியிருப்பார். வேலை முடிந்தது, இனிக் கவலையில்லை என்று. அவன் கூப்பிட என்ன இருக்கிறது? அவளாகக் கூப்பிடலாம். எண்ணைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். தூங்குகிற குழந்தை எழுந்துவிட்டால்? கொல்லையில் துணி நனைகிறதா என்று போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள். எதிர்வீட்டு டிவியில் ஏதோ படம் முடிந்து இன்னொன்று தொடங்கியது.

போன் அடித்தபோது சரியாக ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர்காலம் தொடங்கும்போது அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவன் சொல்வான். ஒவ்வொரு வருஷமும் அவள் மறந்துபோவாள்.

“பாய் சொன்னாருக்கா. எல்லாம் நல்லா வேலை செய்யுதா?” என்றான் இன்பராஜ்.

“செய்யுது. எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன். ஒரு டிஃபெக்ட்டும் இல்ல.”

“நான்தான் சொன்னேனே. இனிமே உனக்குத் தொந்தரவே இல்ல.”

இந்த இடத்தில்தான் அவன் சாப்பிட்டியா என்று கேட்பான். அவன் கேட்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“இன்பா, நம்பர் சொல்றேன், வர்றியா?”

“எதுக்குக்கா? ஏதாவது காட்டணுமா?”

“காட்ட ஒண்ணும் இல்ல. பிரிண்டர் ஒயரு அன்னிக்கே லூசுன்னு எனக்குத் தெரியும். உன்னைத் தேட விட்டுட்டேன். இப்ப ரிப்பேர் எதுவும் இல்ல. சும்மாதான் வரச் சொல்றேன். நேரம் இல்லன்னா வேணாம்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “இரு, லேப்டாப் எடுத்துக்கறேன்” என்றான்.

மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்தாள். பெட்டி எழும்பியது. வரலாம் என்பதை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்பு அசைந்தது. பழைய வழக்கத்தில் நேராக இடது மூலைக்குப் போனது. அங்கே பொத்தான் இல்லை. வானிலையைக் காட்டுகிற ஒரு பலகைதான் விரிந்து பாதித் திரையை மறைத்தது.

“இது இன்னாது இங்க வந்து உக்காந்திருக்குது?” என்றான். பிறகு படித்தான். “இருபத்தேழு டிகிரி. அங்க மழையாக்கா?”

“காலைலேருந்து தூறுது. துணி ஒண்ணும் காயல.”

“இங்க ஒம்போது. பாப்பாவுக்குச் சளி.”

“தலைக்குக் குல்லா போடுறியா?”

“போட்டா புடுங்கிப் போட்டுர்றா.”

“நீயும் அப்டித்தான்” என்றாள். “ஒரு குல்லா ஒரு நாளு தங்காது.”

அவன் சிரித்தான். பலகை மூடிக்கொண்டது. அம்பு திரையின் நடுவுக்கு வந்தது. எதையும் திறக்கவில்லை. எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை.

“அப்ப நான் இங்க இன்னாக்கா பண்றது?”

“சும்மா இரு.”

அம்பு ஓரிடத்திலேயே மெதுவாக வட்டம் போடத் தொடங்கியது. அவன் ஏதேதோ சொன்னான். அங்கே இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது என்றான். ஆபீஸில் ஒருவன் தமிழில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறானாம். அவள் மோகனா வேனில் கேட்ட சுவிட்ச் கதையைச் சொன்னாள். அம்பு சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு போனுக்குள் குழந்தையின் அழுகை கேட்டது. அம்பு நின்றது.

“அக்கா, பாப்பா...”

“போ, போ. தூக்கு மொதல்ல.”

இணைப்பு முடிந்தது என்று ஒரு பெட்டி வந்து, தானே மறைந்தது. அடுத்த வாரமும் வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அம்பு திரையின் நடுவில், வட்டம் போட்ட இடத்தில் கிடந்தது. வெளியே தூறல் வலுத்தது. அமிர்தவள்ளி எழுந்து நின்று, கண்ணாடியின் இடது மூலையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை மட்டும் ஒரு புள்ளியாக நின்றது. அதையும் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மௌஸைத் தொட்டால் அம்பு அவளுடையதாகிவிடும் என்று தோன்றியது. தொடவில்லை. துணியையும் போர்த்தவில்லை. சற்று நேரத்தில் திரை தானே இருண்டது. அவள் விளக்கைப் போட்டுவிட்டு, இரவுக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.